ஒன்றும் கிடைக்காத ஆள் தேவை

அன்று அந்த வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாயில் வண்டிக்கார வீரப்பன். அறுபத்தைந்துக்கு மேல் வயது. கால் இரண்டும் வீக்கம். புத்தி தெளிவு.

கால்மாட்டில் அஞ்சலை. அவர் வளர்த்த பெண். பெற்ற பெண் அல்ல.

மரப்பெட்டிமேல் கந்தையா கிராணி. எங்கள் லாயர் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. மடியில் உயில்.

அவருக்குப் பின்னால் நான். ஆபீஸ் பியூன். கையில் மைப்புட்டி.

கதவோரம் எஸ்டேட் டிரஸ்ஸர். நாடி பார்க்க வந்தவர்.

ஜன்னலுக்கு வெளியே கங்காணி செல்லமுத்து, கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், வாத்தியார் மனைவி. அவர்களுக்குப் பின்னால் தோட்டத்து வரிசை வீடுகளான லயமே திரண்டு நின்றது.

வேலிக்கு அப்பால் தனியாக ஒருவன். மாணிக்கம். வீரப்பனின் தம்பி மகன். குடையை மடக்கி ஊன்றியிருந்தான். சட்டைப் பையில் பேனா.

உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒருவர் கிராணி. இத்தனை பேர் இருந்தும் இன்னொருவர் கிடைக்கவில்லை.

ஆபீஸில் இப்போது இருக்கும் பிள்ளைகள்தான் இதை எழுதச் சொன்னார்கள். இப்போதெல்லாம் உயிலை டைப் அடித்து மேசையில் வைத்துவிடுகிறார்கள். ஒரு சாட்சி காலையில் போடுகிறார். இன்னொரு சாட்சி தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து போடுகிறார். நான் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், இது செல்லாது என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும் ஐயா, நீங்க பியூன்தானே" என்று ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்வி. நான் மூன்றாம் வகுப்பு. ஆனால் சாட்சி என்பது என் தொழில். அதனால் எழுதுகிறேன்.

நான் ஆபீஸுக்கு வந்தபோது இருபத்தெட்டு வயது. அதுவரை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மலாக்கா டவுனுக்கு நடந்து வந்தேன். கந்தையா கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை. வெயிலிலும் குடை, மழையிலும் குடை, ஆபீஸுக்குள்ளும் குடை கைக்கு எட்டும் தூரத்தில்.

"தகப்பன் தாய் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"அண்ணன் தம்பி?"

"இல்லைங்க."

"மனுசி?"

"இல்லைங்க."

"மாமன் மச்சான் எண்டு ஆராவது?"

"கப்பல்ல வரும்போதே ஒருத்தரும் இல்லைங்க."

"மிச்சம் நல்லது" என்றார். சந்தையில் மாட்டின் பல்லைப் பார்த்துத் திருப்திப்பட்டவர் மாதிரி இருந்தது. "கையெழுத்துப் போடத் தெரியுமோ?"

போட்டுக் காட்டினேன். நேரம் பிடித்தது. இன்னொரு தடவை போடச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆமை வேகம். ஆனா ரெண்டும் ஒரே மாதிரி. நாளைக்கு வாரும்."

வேலை என்ன என்று மறுநாள்தான் சொன்னார். தபால் கொண்டுபோக வேண்டும், பெருக்க வேண்டும், தேத்தண்ணி வாங்க வேண்டும். உயில் எழுதும்போது சாட்சி போட வேண்டும். அதுதான் முக்கியம்.

"உயிலில் சாட்சி போட்டவனுக்கு அந்த உயிலில் ஒரு செம்பு கிடைச்சாலும், சாட்சி நிற்கும், செம்பு போயிடும். அவன்ர மனுசிக்குக் கிடைச்சாலும் அதே கதை. ஆகையால் சாட்சி எண்டால் ஒண்டும் கிடைக்காத ஆளாய் இருக்க வேணும். உமக்கு இந்த உலகத்தில் ஒருத்தரும் ஒண்டும் வைக்கப் போறதில்லை. நீர் முதல்தரமான சாட்சி காணும்."

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அவருடைய முறையைச் சொல்கிறேன். பிள்ளைகள் கவனிக்கவும்.

முதலில் உயிலைத் தமிழில் உரக்கப் படிப்பார். ஒரு வரிக்கு ஒரு தடவை நிறுத்தி, உயில் எழுதிவைக்கிறவர் முகத்தைப் பார்ப்பார். படித்து முடித்ததும் மூன்று கேள்வி. உம்முடைய பெயர் என்ன. உமக்கு என்ன சொத்து இருக்கு. உம்மிடம் எதிர்பார்க்கிற ஆட்கள் ஆர் ஆர். மூன்றுக்கும் சரியாகப் பதில் வந்தால்தான் பேனாவைத் திறப்பார். பிறகு கதவைச் சாத்துவார். பேனா தாளைத் தொட்டதிலிருந்து இரண்டாம் சாட்சி கையெழுத்து முடியும்வரை யாரும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது. எழுதுகிறவர் சாட்சிகளைப் பார்க்க வேண்டும். சாட்சிகள் அவர் கையைப் பார்க்க வேண்டும். முடிந்ததும் என்னிடம் கேட்பார்.

"பார்த்தீரோ?"

"பார்த்தேன்."

"முழுக்கப் பார்த்தீரோ?"

"முழுக்கப் பார்த்தேன்."

ஒருமுறை தங்கா பத்துவில் ஒரு தென்னந்தோப்புக்காரர் உயில். அவர் கையெழுத்துப் போடும்போது எனக்குத் தும்மல் வந்துவிட்டது. கிராணி தாளை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"ஏங்க?" என்று தோப்புக்காரர் பதறிப்போனார்.

"தும்மேக்க கண் மூடும். மூடின கண் பார்க்காது. இவர் உம்முடைய பெயரில் பாதியைத்தான் பார்த்தவர்."

மறுபடி முழுக்க எழுதினார். பதினான்கு பக்கம். அதுவரை தோப்புக்காரரின் ஆறு பிள்ளைகளும் என்னை முறைத்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு உயில் உள்ள நாளில் நான் மூக்குப்பொடி போடும் ஆள் பக்கத்தில் உட்காருவதில்லை.

பத்து பெரண்டாமில் ஓர் அரிசிக் கடைக்காரர். மகனோடு சண்டை வரும்போதெல்லாம் வந்து உயிலை மாற்றுவார். சமாதானம் ஆனால் மறுபடி வந்து மாற்றுவார். ஒருநாள் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது மகனும் வந்தான். அவனும் உயில் எழுத வந்திருந்தான். அப்பனுக்கு ஒன்றும் இல்லை என்று எழுத. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். கிராணி இரண்டு உயிலையும் ஒழுங்காக முடித்தார். நான் இரண்டுக்கும் சாட்சி. பிறகு இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள்.

இவையெல்லாம் சாதாரணம். வீரப்பன் விஷயத்துக்கு வருகிறேன்.

வீரப்பன் எஸ்டேட்டில் மாட்டுவண்டி ஓட்டியவர். வெள்ளைக்காரன் சண்டை முடிந்த சமயம், குருபோங் பக்கம் ஒரு சீன முதலாளியிடம், தவுக்கே என்பார்கள், இரண்டு ஏக்கர் வாங்கினார். வாங்கியதும் எல்லோரும் ரப்பர் நடச் சொன்னார்கள். இவர் மங்குஸ்தான் நட்டார். கொட்டையிலிருந்து.

மங்குஸ்தான் காய்க்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அப்போது அவருக்கு ஐம்பது வயது. லயமே சிரித்ததாம். "கிழவா, எந்தப் பல்லுல திங்கப் போற?" என்று கங்காணி கேட்டாராம். "கீழ்ப்பல்லு ரெண்டு பத்திரமா வச்சிருக்கேன்லா" என்றாராம் இவர்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. பால் சீவும் கூலி கட்டுப்படியாகாமல் மரத்தைச் சும்மா விட்டார்கள். ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அஞ்சலையின் புருஷனும் அப்படிப் போனவன்தான். கடிதம் இல்லை. அந்த வருடம்தான் வீரப்பன் மரங்கள் முதல் காய் விட்டன. சிரித்தவர்கள் எல்லாம் வேலியோரம் வந்து நின்று காயை எண்ணினார்கள்.

கால் வீங்கத் தொடங்கியதும் அஞ்சலையை ஆபீஸுக்கு அனுப்பினார். நானும் கிராணியும் போனோம். விஷயம் எளிது. அஞ்சலையின் தாய் தகப்பன் காய்ச்சலில் போனவர்கள். வீரப்பன் தூக்கி வளர்த்தார். ரத்த உறவு இல்லை. உயில் எழுதாமல் அவர் போனால் இரண்டு ஏக்கரும் வீடும் தம்பி மகன் மாணிக்கத்துக்கு. அவன் அஞ்சலையை மறுநாளே வெளியே போடுவான். அதை அவனே கடையில் வைத்துச் சொல்லியிருந்தான்.

"நிலமும் வீடும் அஞ்சலைக்கு" என்றார் வீரப்பன். கிராணி எழுதினார்.

"மரமும் அவளுக்கு. ஆனா காய் அவளுக்கு இல்ல."

கிராணி பேனாவை நிறுத்தினார். "வேற ஆருக்கு?"

"மொத்தம் இருபத்தாறு மரம். ஒவ்வொரு மரத்துக் காயும் ஒவ்வொருத்தருக்கு. அவங்க உசுரோட இருக்கிறவரைக்கும். அவங்க போனப்புறம் அந்த மரத்துக் காய் அஞ்சலைக்கு."

"எனக்கு இப்ப ஒண்ணும் கிடையாதாப்பா?" என்றாள் அஞ்சலை.

"பொறு புள்ள. எல்லாம் கிழடு கட்டைங்க. ஒண்ணொண்ணா உங்கிட்டதான் வரும்."

பிறகு பெயர்களைச் சொன்னார். கங்காணி ஒன்று. கடைக்காரர் இரண்டு. தோட்டத் துரை மூன்று.

"துரைக்கு எதுக்கு ஐயா மரம்?" என்றார் கிராணி.

"விட்டா மனசு கஷ்டப்படுவாரு."

டிரஸ்ஸர், கோயில் பண்டாரம், வாத்தியார் மனைவி, பக்கத்து மலாய்க் கம்போங்கின் தலைவர் பெங்குலு, நிலம் விற்ற தவுக்கே, தபால்காரர், பஸ் ஓட்டுகிறவர். பதினோராவது மரம் மாரியம்மனுக்கு.

கிராணி கண்ணாடியைக் கழற்றினார். "அம்மன் உயிரோட இருக்கும்வரை எண்டு எழுதினால் அஞ்சலைக்கு அந்த மரம் எப்ப வரும்?"

வீரப்பன் யோசித்தார். "கோயில் இருக்கிறவரைக்கும்னு போடுங்க. அம்மன்கிட்ட வயசு கேக்க வேணாம்."

"உங்களுக்கும் ஒண்ணு போடவா கிராணி?" என்று அவரே கேட்டார்.

"எனக்கு வேண்டாம். நான் சாட்சி" என்றார் கிராணி, குடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

இருபத்தைந்து பெயர் ஆனது. இருபத்தாறாவது மரத்துக்கு யாரென்று கேட்டபோது, "அதைக் கைநாட்டு வைக்கிற அன்னிக்குச் சொல்றேன்" என்றார். கிராணி அந்த வரியைக் காலியாக விட்டார்.

மரங்களைக் கணக்கெடுக்க நான் போனேன். வீரப்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, ஆணியால் நம்பர் குத்தி, மரத்துக்கு மரம் கட்டினேன்.

"இந்த ஆளுங்கள ஏன் போட்டேன் தெரியுமா தம்பி?"

"தெரியலைங்க."

"மாணிக்கம் நாளைக்கு அஞ்சலையை அடிச்சு வெரட்ட வந்தான்னு வையி. என் சொந்தக்காரப் புள்ளைன்னு எவனும் வாயத் தொறக்க மாட்டான். தன் காய் போயிடும்னா துரையே துப்பாக்கிய எடுத்துக்கிட்டு வருவான்."

நான் நின்றுவிட்டேன். ஆபீஸில் எத்தனையோ உயில் பார்த்திருக்கிறேன். இப்படி வேலி போட்டதைப் பார்த்ததில்லை.

"உனக்கு யாரு இருக்கா?" என்றார்.

"யாருமில்லைங்க."

அதற்கு மேல் கேட்கவில்லை. கடைசித் தகரத்தைக் கட்டி முடிக்கும்வரை தோளை விடவில்லை.

இப்போது அந்த நாள். டிரஸ்ஸர் நாடியைப் பார்த்துவிட்டுக் கிராணியைத் தனியாக அழைத்தார். "நாளைக்கு வரேன்னு போயிடாதீங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிங்க" என்றார்.

கிராணி படித்தார். இருபத்தைந்து மரமும் ஆனது. ஒவ்வொரு பெயருக்கும் ஜன்னலில் ஒரு கனைப்பு. "இருபத்தாறாவது?" என்றார்.

வீரப்பன் கையைத் தூக்கி என்னைக் காட்டினார். "இந்தத் தம்பிக்கு."

கிராணி எழுதவில்லை. என்னையும் பார்க்கவில்லை. பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் சாட்சி ஐயா. சாட்சிக்குக் கொடுத்தால் அது செல்லாது."

"அப்ப வேற சாட்சி பாருங்க. நான் கொடுத்தாச்சி."

எழுதினார். எழுதித்தான் ஆகவேண்டும். உயில் எழுதிவைக்கிறவர் சொன்னதை எழுதாமல் விட்டது கிராணி சரித்திரத்தில் இல்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"கையெழுத்துப் போடத் தெரிஞ்ச, இந்த உயிலில் ஒண்டும் கிடைக்காத ஆள் ஒருவர் தேவை."

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. கைநாட்டுச் சாட்சியைக் கிராணி ஏற்கமாட்டார். கோர்ட்டில் நிற்காது என்பார். அந்த எஸ்டேட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் எல்லாம் பெரிய மனிதர். பெரிய மனிதர் ஒருவருக்கு வெற்றிலை வைத்து இன்னொருவருக்கு வைக்காவிட்டால் எங்கள் பக்கம் பத்து வருடப் பகை. அதனால் வீரப்பன் ஒருவரையும் விடவில்லை.

"நான் யாரையும் விடலியே" என்று பாயிலிருந்து பெருமையாகச் சொன்னார்.

"கங்காணி, நீர் மரத்தை விட்டுக் கையெழுத்துப் போடுவீரோ?"

"போடுறேன் கிராணி. மரம் என்ன பெரிய மரம்" என்றார் கங்காணி. "ஆனா கடைக்காரருக்கு மரம் இருந்து எனக்கு இல்லன்னா, நாளைக்குக் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல எவன் என் பேச்சைக் கேப்பான்? அவரு போடட்டும்."

"நான்னா இளிச்சவாயனா?" என்றார் கடைக்காரர். "டிரஸ்ஸர் சம்பளக்காரரு. அவருக்கு எதுக்கு மங்குஸ்தான்? அவரு போடட்டும்லா."

"நான் வைத்தியம் பாக்குறேன், கையெழுத்தும் நானேவா? கங்காணி விட்டா நான் விடுறேன்."

"அவரு விட்டா நான் விடுறேன்."

"முதல்ல நீங்க விடுங்க."

வாத்தியார் கையைத் தூக்கினார். "நான் போடலாம். எனக்கு மரம் இல்லை."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். கிராணி பட்டியலைப் பார்த்தார்.

"உம்முடைய மனுசிக்கு ஆறாவது மரம். நீர் போட்டால் அவவுக்குப் போயிடும்."

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியிடம் சொன்னார். "என் மரத்துல கைய வச்சிட்டு வீட்டுக்கு வந்துருவாரோ?"

வாத்தியார் கையை இறக்கினார்.

அப்போது வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "நான் போடுறேன். எனக்குத்தான் ஒண்ணுமே இல்லியே."

மாணிக்கம். குடையோடு உள்ளே வந்தான். வந்து பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டான்.

"இவன் வேணாம்யா" என்றாள் அஞ்சலை.

கிராணி யோசித்தார். சட்டப்படி அவனைப்போலச் சரியான சாட்சி கிடையாது. அந்த எஸ்டேட்டிலேயே கையெழுத்துப் போடத் தெரிந்து ஒன்றும் கிடைக்காத ஒரே ஆள் அவன்தான். "இரும்" என்றார்.

மூன்று கேள்வியும் கேட்டார். வீரப்பன் மூன்றுக்கும் பதில் சொன்னார். கதவைச் சாத்தினோம். வீரப்பனின் கட்டைவிரலைத் துடைத்து மையில் வைத்தேன். நாற்பது வருடம் கயிறு பிடித்த விரல். ரேகையே இல்லை. விரல் தாளுக்குப் போனது.

மாணிக்கம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"கண்ண மூடுறான்! கண்ண மூடுறான்!" என்று ஜன்னலில் சத்தம். இருபது தலைகள் உள்ளே நுழையப் பார்த்தன.

விரல் பட்டுவிட்டது. மாணிக்கம் மெதுவாகக் கண்ணைத் திறந்தான்.

"பார்த்தீரோ?" என்றார் கிராணி.

"என்னத்த?"

"பெரியப்பாவின்ர கைநாட்டை."

"நான் எங்க பாத்தேன்? தூசி விழுந்துச்சி."

கிராணி தாளை எடுத்தார். நாலாகக் கிழித்தார். மாணிக்கத்தைத் திட்டவில்லை. "உண்மை சொன்னதுக்கு நன்றி. வெளியில் நில்லும்" என்றார். கங்காணி அவனைத் தோளைப் பிடித்து வேலி வரைக்கும் கொண்டுபோய் விட்டார். கங்காணிக்கு முதல் மரம்.

அந்தத் தும்மலுக்குப் பிறகு கிராணி எப்போதும் இரண்டு பிரதி எழுதிக்கொண்டு வருவார். இரண்டாவதை எடுத்தார். அதில் இருபத்தாறாவது வரி காலி. அதை அப்படியே விட்டால் நான் ஒன்றும் இழக்காமல் சாட்சி போடலாம். காரியம் முடிந்தது. கிராணிக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

வீரப்பனுக்கு மூச்சு வாங்கியது. டிரஸ்ஸர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அஞ்சலை அவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. தேய்ப்பதை நிறுத்தவும் இல்லை.

"இருபத்தாறு எழுதியாச்சா?" என்றார் வீரப்பன்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்குப் படிக்கத் தெரியாது. கிராணி கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார்.

"இல்லை" என்றார்.

"எழுதுங்க."

"ஐயா, இவர் பெயரை எழுதினால், இவர் மரத்தை விட்டால்தான் சாட்சி போடேலும்; விடாட்டில் சாட்சி இல்லை. சாட்சி இல்லாட்டில் உயில் இல்லை. உயில் இல்லாட்டில் உம்முடைய பெண்ணுக்கு வீடு இல்லை. விளங்குதோ?"

"கொடுத்ததைத் திருப்பி வாங்கற பழக்கம் எனக்கு இல்ல கிராணி. எழுதுங்க."

கிராணி எழுதினார். முத்துசாமி, கருப்பையா மகன், லாயர் ஆபீஸ் பியூன். என் பெயரை ஒருவர் உயிலில் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுத்து அழகாக இருந்தது. என் பெயருக்கு அவ்வளவு மை தேவைப்படும் என்று நினைத்ததில்லை.

"நான் போடுறேன்" என்றேன்.

"உமக்கு மரம் போயிடும் காணும்."

"தெரியும்."

"பிறகு கேட்டால் வராது."

"தெரியும் ஐயா. கதவைச் சாத்தவா?"

சாத்தினேன். மூன்று கேள்வி மறுபடி. பெயர் சொன்னார். சொத்து சொன்னார். எதிர்பார்க்கிற ஆட்கள் யார் என்றதற்கு இருபத்தாறு பேரையும் வரிசையாகச் சொன்னார். நடுவில் இரண்டு தடவை இருமினார். கடைசியில் என் பெயரைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். விரலைத் துடைத்து மையில் வைத்தேன். தாளுக்குக் கொண்டுபோனார். கண்ணை இமைக்காமல் பார்த்தேன். கண்ணில் நீர் வந்தது. இமைக்காமல் இருந்தால் வரும்.

கிராணி கையெழுத்துப் போட்டார். பிறகு நான். என் வேகம் எல்லோருக்கும் தெரியும். முடித்தேன்.

"பார்த்தீரோ?"

"பார்த்தேன்."

"முழுக்கப் பார்த்தீரோ?"

"முழுக்கப் பார்த்தேன்."

"மரம் எனக்குத்தான?" என்று வீரப்பனிடம் கேட்கலாம்போல் இருந்தது. கேட்கவில்லை. அவரே சொன்னார். "காய் சின்னதா இருக்கும் தம்பி. இனிப்பு சாஸ்தி." அவரைப் பொறுத்தவரை மரம் என்னுடையது. தாளில் என்னுடையது. சட்டத்தில் இல்லை.

நான்கு நாள் கழித்துப் போய்விட்டார்.

மாணிக்கம் வழக்குப் போட்டான். கோர்ட்டுக்கு நான் போனபோது பெஞ்சில் இடம் இல்லை. கங்காணி, கடைக்காரர், டிரஸ்ஸர், தவுக்கே, பெங்குலு, பஸ்ஸை வெளியே நிறுத்திவிட்டு பஸ்காரர். பின் பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத் துரை. பண்டாரம் தன் மரத்துக்கும் அம்மன் மரத்துக்கும் சேர்த்து வந்திருந்தார்.

மாணிக்கத்தின் லாயர் என்னைக் கேட்டார்.

"இந்த உயிலில் உனக்கு என்ன கிடைக்கிறது?"

"ஒண்ணுமில்லைங்க."

"இருபத்தாறாவது மரம் உன் பெயரில் இருக்கிறதே?"

"இருக்குங்க."

"அப்படியானால் கிடைக்கிறது."

"இல்லைங்க."

"இருக்கிறதா, இல்லையா?"

"பெயர் இருக்கு. மரம் இல்ல."

மொழிபெயர்ப்பவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைச் சொன்னார். ஜட்ஜ் கிராணியைக் கேட்டார். கிராணி எழுந்து சட்டத்தைச் சொன்னார். ஜட்ஜ் மறுபடி என்னிடம் திரும்பினார். மரம் போய்விடும் என்று தெரிந்தும் ஏன் சாட்சி போட்டாய் என்று கேட்டார்.

"வேற ஆள் இல்லைங்க" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார். பொய் சொல்லி மரம் வாங்குகிறவன் உண்டு, பொய் சொல்லி மரத்தை இழப்பவனைப் பார்த்ததில்லை என்று தீர்ப்பில் சொன்னாராம். கிராணி பிறகு எனக்குச் சொன்னார். உயில் நின்றது. மாணிக்கம் குடையைக் கோர்ட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். அஞ்சலை வீட்டில் இருந்தாள். மாணிக்கம் ஒருதரம் அந்தப் பக்கம் வந்தான். அன்று கங்காணியும் துரையும் ஒரே நேரத்தில் மரத்தடியில் நின்று காய் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அதற்குப் பிறகு வரவில்லை.

செல்லாமல் போன மரத்துக் காய் யாருக்கு என்று கிராணியைக் கேட்டேன். சொந்தக்காரிக்கே திரும்பும் என்றார். ஆக, இருபத்தைந்து பேர் சாகும்வரை காத்திருக்க வேண்டிய அஞ்சலைக்கு முதல் வருடமே காய் கொடுத்த மரம் அது ஒன்றுதான்.

பருவம் வந்தது. அஞ்சலை ஒரு கூடையை எனக்காக ஆபீஸுக்கு அனுப்பினாள். கிராணி திருப்பி அனுப்பிவிட்டார். "சாட்சி சொன்னவர் இனாமாய்த் தின்னப்படாது. நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்பான்."

"காசு கொடுத்து வாங்கலாமா?"

குடையை ஒருதரம் விரித்து மடக்கினார். "வியாபாரம் எண்டால் பிழையில்லை."

ஞாயிற்றுக்கிழமை பாசாருக்குப் போனேன். மீன்காரர்களைத் தாண்டி, சாக்கை விரித்து அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். முன்னால் மங்குஸ்தான் குவியல்.

"வாங்கண்ணே."

"பத்துக் காய் கொடு."

"உங்ககிட்டக் காசா?"

"காசு வாங்கிக்க. வாங்கலன்னா கிராணி பேசுவாரு."

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பத்தை எண்ணிப் பையில் போட்டாள். நான் பையை இழுத்தேன். அவள் பையை விடவில்லை.

"இருங்கண்ணே. வியாபாரம்னா கொசுறு போடாம விடக்கூடாது."

போட ஆரம்பித்தாள். பக்கத்துக் கடைக்காரி வேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள். நான் சும்மா நின்றேன். பார்ப்பதுதான் என் வேலை. முழுக்கப் பார்த்தேன். எண்ணவும் எண்ணினேன்.

வாங்கியது பத்து. கொசுறு நாற்பத்திரண்டு.